ஞாயிறு காலை எதை உடுத்துவது?

ராயப்பேட்டைக்குப் புதிதாகக் குடிவந்து பக்கத்துச் சர்ச்சுக்குப் போகத் தொடங்கும் குடும்பம், ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பிள்ளை, தோழியின் கல்யாணத்துக்காக முதன்முறையாக ஓர் ஆலயத்துக்குள் நுழையப்போகும் இந்து அல்லது முஸ்லிம் நண்பர் ஆகிய மூவருக்காகவும் இந்த அத்தியாயம். அவசரத்தில் இருப்பவர்களுக்கு விடையை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: துவைத்து இஸ்திரி போட்டதாக, தோளையும் முழங்காலையும் மூடுவதாக, முழங்கால் போட்டு எழ வசதியாக இருக்கும் எந்த உடையும் சரி. உடுத்திக்கொண்டு கிளம்புங்கள். நிதானமாகத் தயாராக விரும்புகிறவர்கள் மேலே படிக்கலாம்.

எந்தச் சபைக்குப் போகிறீர்கள்?

பீரோவைத் திறப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ராயப்பேட்டையிலும் அதைச் சுற்றியும் உடுத்தும் பழக்கத்தில் மூன்று வகை உண்டு.

1. சி.எஸ்.ஐ. சபைகள். ராயப்பேட்டை வெஸ்லி ஆலயமும் கதீட்ரல் சாலையிலுள்ள புனித ஜார்ஜ் பேராலயமும் இந்த வகை. 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் உள்ளிட்ட சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானது அந்தப் பேராலயத்தில்தான். தமிழ் ஆராதனையில் பெண்கள் பெரும்பாலும் புடவை, இளம்பெண்கள் சுடிதார், ஆண்கள் பேண்ட், சட்டை. ஞாயிற்றுக்கிழமைக்கென்றே நல்ல உடை ஒன்றைத் தனியாக மடித்து வைக்கும் பழக்கம் பழைய குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. ஆங்கில ஆராதனையில் கொஞ்சம் தளர்வு உண்டு. ஜீன்ஸ், காலர் வைத்த டி-ஷர்ட்டை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

2. கத்தோலிக்கக் கோயில்கள். சாந்தோம் பேராலயம், லஸ் பகுதியில் காட்டுக் கோயில் என்று அழைக்கப்படும் பிரகாச மாதா ஆலயம், பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயில் ஆகியவை இந்தப் பக்கத்தில் பலரும் போகுமிடங்கள். ஆபீஸ் விட்டு வரும் வழியில் நுழைகிறவர், நேர்ச்சைக்காகக் குடும்பத்தோடு வருகிறவர், வேற்று மதத்தவர் எல்லாரும் கலந்திருப்பதால் உடையிலும் எல்லாம் கலந்திருக்கும். பூ, பொட்டு, மஞ்சள் கயிறு எதற்கும் இங்கே தடையில்லை. பெசன்ட் நகரில் மாதாவே புடவையில்தானே நிற்கிறாள்!

3. பெந்தெகொஸ்தே சபைகள். இவற்றுக்குள்ளேயே இரண்டு துருவங்கள். ஏ.சி. அரங்கில் கிட்டாரும் டிரம்ஸும் வைத்து நடக்கும் பெரிய சபைகளில் இளைஞர்கள் கல்லூரிக்குப் போவதுபோல்தான் வருவார்கள். 1924-இல் கொழும்பில் தொடங்கி, இன்று தாம்பரம் பக்கத்து இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெந்தெகொஸ்தே மிஷன் போன்ற சபைகளிலோ வெள்ளை உடைக்கே மதிப்பு, நகை கிடையாது, தரையில் பாய் விரித்து உட்கார வேண்டும். இப்படிப்பட்ட சபைக்கு ஜரிகைப் புடவையும் ஜிமிக்கியுமாகப் போனால் உங்களுக்குத்தான் சங்கடம்.

எந்த வகை என்று தெரியாவிட்டால் அழைத்த நண்பரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: "செருப்பைக் கழற்றணுமா? தலையில துணி போடணுமா?" இந்த இரண்டுக்கும் விடை கிடைத்தால் மற்றதை ஊகித்துவிடலாம்.

சனிக்கிழமை மாலையே செய்யவேண்டியவை

ஞாயிறு காலைத் தாமதங்களுக்குப் பெரும்பாலும் காரணம் காணாமல் போன ஜாக்கெட்டும் இஸ்திரி போடாத சட்டையும்தான். பல தெருக்களில் இஸ்திரி வண்டிக்காரருக்கு ஞாயிறு விடுமுறை. ஆகவே:

1. உடையைத் தேர்ந்தெடுத்து, சனிக்கிழமை பகலிலேயே இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கிவிடுங்கள்.
2. பொத்தான், ஊக்கு, ஜிப் மூன்றையும் சரிபாருங்கள். ஆண்கள் சட்டையில் காலருக்குக் கீழே இருக்கும் இரண்டாவது பொத்தான்தான் முதலில் தொங்கும்.
3. உடையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் ஒருமுறை முழங்கால் போட்டு எழுந்து, குனிந்து பாருங்கள். இடுப்பில் சட்டை ஏறுகிறதா, கழுத்து அதிகம் இறங்குகிறதா, ஸ்கர்ட் முழங்காலுக்கு மேலே போகிறதா என்பதெல்லாம் நின்று பார்த்தால் தெரியாது. சி.எஸ்.ஐ. ஆலயத்தில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கும் கத்தோலிக்கத் திருப்பலியில் குரு அவற்றை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போதும் முழங்கால் போட வேண்டியிருக்கும். பின்னால் நாலு வரிசை மக்கள் இருப்பார்கள்.
4. வெள்ளை, சந்தன நிறத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே தெரிந்தால் ஸ்லிப் அல்லது பனியன் அவசியம். சென்னை வியர்வையில் அது இன்னும் தெரியும்.
5. காணிக்கைக்குச் சில்லறை, கைக்குட்டை, இரண்டு சேஃப்டி பின், பெண்களானால் ஒரு துப்பட்டா ஆகியவற்றைப் பையில் எடுத்து வையுங்கள். போனை சைலன்டில் போடுவதும் உடுத்துவதன் ஒரு பகுதி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

*குறிப்பு:* ஏப்ரல் முதல் ஜூன் வரை பருத்தி தவிர வேறெதையும் நினைக்காதீர்கள். பழைய ஆலயங்கள் உயரமான கூரையும் மின்விசிறியும் கொண்டவை. கூட்டம் நிறைந்த நாளில் விசிறிக் காற்று நடு வரிசைக்கு எட்டாது. கோட்டு, பாலியஸ்டர் சட்டை, கனத்த பட்டு மூன்றும் பிரசங்கத்தின் நடுவில் உங்களைக் கைவிடும். எழும்பூர் கோ-ஆப்டெக்ஸில் கிடைக்கும் சாதாரணக் கைத்தறிப் புடவை எந்த ஆலயத்துக்கும் போதும்.

வேட்டி கட்டலாமா?

தாராளமாக. எந்தச் சபையும் வேட்டியைத் தடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. தடுத்தது கிளப்புகள்தான். 2014-இல் சேப்பாக்கத்தில் உள்ள கிரிக்கெட் சங்க கிளப்பில் நீதிபதி ஹரிபரந்தாமனை வேட்டியோடு வந்தார் என்று உள்ளே விடவில்லை. அதே ஆண்டு தமிழ்நாடு சட்டமன்றம் அப்படித் தடுப்பதைக் குற்றமாக்கியது. ஆனாலும் நகரத்து சி.எஸ்.ஐ. ஆண்களில் பலர் இன்னும் பேண்ட்டையே மரியாதையான உடையாக எண்ணுகிறார்கள். வெள்ளைக்கார மிஷனரி பள்ளிக்கூடங்கள் விட்டுச்சென்ற பழக்கம் அது, வேதத்தில் அப்படி எதுவும் இல்லை. வேட்டி கட்டுகிறவர்கள் பெல்ட்டோ வெல்க்ரோவோ வைத்துக் கட்டுங்கள். முழங்கால் போட்டு எழும்போது வேட்டி முனை காலடியில் மாட்டுவது அடிக்கடி நடக்கும். மடித்துக் கட்டியிருந்தால் வாசலிலேயே இறக்கிவிட வேண்டும்.

முக்காடு

பெண்கள் தலையை மூடுவது, அப்போஸ்தலர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்திலிருந்து வந்த வழக்கம். கத்தோலிக்கத் திருச்சபையின் 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு பெண்கள் ஆலயத்தில் தலையை மூடவேண்டும் என்றது. 1983-இல் வந்த புதிய தொகுப்பில் அந்த விதி இல்லை. அதனால் இன்று சாந்தோமில் மூடியவரும் மூடாதவரும் அருகருகே உட்கார்ந்திருப்பார்கள். சி.எஸ்.ஐ. தமிழ் ஆராதனைகளில் ஜெப வேளையிலும் திருவிருந்துக்குப் போகும்போதும் முந்தானையைத் தலையில் இழுத்துவிடுவது வழக்கம். பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் தொடக்கம் முதல் முடிவு வரை முக்காடு.

செய்முறை எளிது. முந்தானையை இடது தோளில் பின் குத்துவதற்கு முன், தலைக்கு ஏற எவ்வளவு தளர்ச்சி வேண்டுமோ அதை விட்டுக் குத்துங்கள். இறுக்கிக் குத்தினால் தலையில் போடும்போது தோள்பக்கம் இழுத்துக் கிழியும். ஜார்ஜெட், சிந்தெடிக் துணி வழுக்கும், பருத்தி நிற்கும். விருந்தாளியாகப் போகிறவர்கள் பக்கத்தில் உள்ளவர்களைப் பார்த்து அவர்கள் போட்டால் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். ஆண்கள் தொப்பியை வாசலில் எடுத்துவிட வேண்டும்.

சரி, இதெல்லாம் அவசியமா?

இந்தக் கேள்வியை இளைஞர்கள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். இரண்டு பழைய கதைகளை வைத்துக்கொண்டு பதில் தேடலாம். இரண்டும் நம் பக்கத்துக் கதைகளே.

ஐரிஷ்காரரான ஜேம்ஸ் லிஞ்ச் என்ற மெதடிஸ்ட் மிஷனரி யாழ்ப்பாணத்திலிருந்து 1817-இல் சென்னை வந்தார். ராயப்பேட்டையில் மெதடிஸ்டுகளின் முதல் ஆலயம் 1819-இல் திறக்கப்பட்டது. அவர்களுடைய ஆசான் ஜான் வெஸ்லி உடைக்கென்றே ஒரு தனிப் பிரசங்கம் எழுதியவர். அதன் சாரம்: அழுக்காக வருவதில் பக்தி ஒன்றுமில்லை, சுத்தம் தெய்வபக்திக்கு அடுத்த வீடு. ஆனால் விலையுயர்ந்த உடை வேண்டாம். அது கர்வத்தை வளர்க்கும், அதற்குச் செலவிடும் பணம் பசித்தவனுக்கும் உடையில்லாதவனுக்கும் சேரவேண்டியது. வெஸ்லியின் பெயரைத் தாங்கிய ஆலயத்துக்குக் கிறிஸ்துமஸ் அன்று ஆளுக்கொரு காஞ்சிபுரம் பட்டில் போவதை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

அடுத்த கதை தெற்கே நடந்தது. இன்றைய குமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூரில் இருந்தது. நாடார் பெண்கள் மேல்சாதியார் முன் மார்பை மறைக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். கிறிஸ்தவர்களானவர்கள் குப்பாயம் என்ற ரவிக்கை அணியத் தொடங்கியபோது சந்தையிலும் தெருவிலும் அவர்களைத் தாக்கி அதைக் கிழித்தார்கள். 1820-களில் ஒரு கலவரம், 1858-59-இல் இன்னொன்று. சென்னை கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மன்னர் அறிக்கை வெளியிட்டார்: நாடார் பெண்கள் மேலாடை அணியலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது. அனுமதியிலும் ஒரு கொக்கி!

சென்னை சி.எஸ்.ஐ. சபைகளில் நெல்லை, குமரியிலிருந்து வந்த குடும்பங்கள் ஏராளம். அப்படியொரு குடும்பத்துப் பாட்டி உங்கள் கையில்லாத ஜாக்கெட்டைப் பார்த்து முகம் சுளித்தால், அதைப் பழமைவாதம் என்று மட்டும் தள்ளிவிட முடியாது. முழுக்க உடுத்தி ஆலயத்துக்குப் போவது அவருடைய முன்னோர் அடி வாங்கிப் பெற்ற உரிமை. அதே வரலாற்றைப் பேத்தி வேறு மாதிரியும் படிக்கலாம்: எதை உடுத்துவது என்பதை அடுத்தவர் கட்டளையிடக் கூடாது என்பதற்காகத்தானே அந்தப் போராட்டம்? இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நடைமுறையில் நான் பரிந்துரைப்பது இதுதான்: முறையாக உடுத்துங்கள், ஆனால் செலவைக் கூட்டாதீர்கள். முறை என்பது சுத்தம், பொருத்தம், பக்கத்திலிருப்பவரின் கவனத்தைக் கலைக்காமை. புடவையின் விலை அந்தக் கணக்கில் சேராது. யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரம், பொன்மோதிரம் போட்டு வருகிறவனுக்கு நல்ல இடமும் கந்தையோடு வருகிற ஏழைக்குக் காலடியும் கொடுக்கும் சபையைத்தான் கடிந்துகொள்கிறது. வாசலில் நின்று ஆட்களை உட்காரவைக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் அந்த அதிகாரத்தை வருடத்துக்கு ஒருமுறையாவது படிப்பது நல்லது.

செருப்பு

நகரத்து ஆலயங்களில் பெஞ்சு இருக்கும் இடத்தில் செருப்போடு உட்காரலாம் என்பது பொதுப்பழக்கம். தரையில் உட்காரும் இடத்தில் வாசலிலேயே விடவேண்டும். நிச்சயம் செய்ய ஒரே வழி, வாசற்படியைப் பார்ப்பது. நூறு ஜோடி கிடந்தால் நூற்றொன்றாவதாக உங்களுடையதையும் விடுங்கள். செருப்போடு உள்ளே போகும் ஆலயத்திலும் திருவிருந்துக்கோ பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தி செய்யவோ முன்னே செல்லும்போது பலர் பெஞ்சுக்கடியில் கழற்றிவிட்டுப் போவார்கள். ஆகவே:

- வார் கட்டும் செருப்பு, லேஸ் ஷூ இரண்டையும் தவிருங்கள். குனிந்து கழற்றுவதற்குள் வரிசை நகர்ந்துவிடும்.
- சாக்ஸ் ஓட்டையில்லாமல் இருக்கட்டும்.
- ஹை ஹீல்ஸ் போட்டுக்கொண்டு வழவழப்பான பழைய கல்தரையிலும் படியிலும் ஏறுவது ஆபத்து.
- விழா நாளில் புதுச்செருப்பு வேண்டாம். நன்றாக உழைத்த பழைய ஜோடியே வீடு வரை திரும்பி வரும்.

நாளுக்கேற்ற உடை

லெந்து நாட்களில், அதாவது கத்தோலிக்கர் தவக்காலம் என்னும் நாற்பது நாட்களில், பல குடும்பங்கள் பூ வைப்பதில்லை, புத்தாடை எடுப்பதில்லை. அடங்கிய நிறங்கள் போதும். பெரிய வெள்ளியன்று வெள்ளை, சில குடும்பங்களில் கறுப்பு. சி.எஸ்.ஐ.யில் பகல் 12 முதல் 3 மணி வரை நடக்கும் மும்மணி ஆராதனை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளின் தியானம். உச்சி வெயில், உபவாசம் இரண்டையும் கணக்கில் வைத்து மெல்லிய பருத்தியில் போங்கள். அதற்கு முந்தின குருத்தோலை ஞாயிறு பவனிக்குத் தெருவில் நடக்கவேண்டும். தார்ச்சாலை கொதிக்கும் என்பதால் குழந்தைகளுக்குச் செருப்பு கட்டாயம்.

ஈஸ்டர், கிறிஸ்துமஸ், ஆண்டின் கடைசி இரவு ஆராதனை மூன்றும் புத்தாடைக்கான நாட்கள். கிறிஸ்துமஸ் வடகிழக்குப் பருவமழையின் வாலில் வருகிறது. தரையைக் கூட்டும் நீளப் பாவாடையும் பட்டும் மழை பெய்த மறுநாள் தெருவுக்கு ஆகாது. கையில் குடை எடுத்து, புடவையைக் கணுக்காலுக்கு ஓர் அங்குலம் மேலே ஏற்றிக் கட்டினால் தப்பிக்கலாம். பெசன்ட் நகர் வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை. காவி உடுத்தி வெறுங்காலில் நடந்து வருகிறவர்களைப் பார்ப்பீர்கள். அது நேர்ச்சை எடுத்தவர்களின் உடை, வேடிக்கைக்காக உடுத்த வேண்டாம்.

கல்யாணத்துக்கு விருந்தாளியாகப் போனால் ஒரே எச்சரிக்கை: மணப்பெண் வெள்ளை அல்லது சந்தன நிறப் பட்டில் வருவாள், அந்த நிறத்தை அவளுக்கு விட்டுவிடுங்கள். பொட்டு வைத்துக்கொண்டு போகலாமா என்று இந்துத் தோழிகள் தயங்குவார்கள். வைத்துக்கொண்டே போங்கள், உங்கள் முகம் உங்களுடையது. துக்க வீட்டு ஆராதனைக்கு வெள்ளையோ மங்கலான நிறமோ, நகை குறைவாக.

பாதுகாப்பு: இதைப் படிக்காமல் தாண்டாதீர்கள்

1. டூ-வீலர். துப்பட்டாவும் முந்தானையும் பின்சக்கரத்தில் மாட்டினால் கழுத்தை நெரிக்கும், ஆளை இழுத்துக் கீழே தள்ளும். ஏறுவதற்கு முன் துப்பட்டாவின் இரண்டு முனையையும் முன்பக்கம் கொண்டுவந்து முடிச்சிடுங்கள். முந்தானையை இடுப்பில் செருகுங்கள். வண்டியில் சேலை கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். தலைமுடி கலையும் என்று ஹெல்மெட்டை விடாதீர்கள். சீப்பு பைக்குள் கொள்ளும்.
2. மெழுகுவர்த்தி. கத்தோலிக்கர் ஈஸ்டருக்கு முந்தின இரவு நடத்தும் பாஸ்கா திருவிழிப்பிலும் கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்தி ஆராதனையிலும் எல்லார் கையிலும் தீ இருக்கும். நைலான் நெட், சிந்தெடிக் துப்பட்டா நொடியில் பற்றி உடம்போடு ஒட்டும். அந்த இரவுகளில் பருத்தி உடுத்துங்கள், நீளமான கூந்தலைப் பின்னலிடுங்கள். புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கும் பெண்குழந்தையின் வலை முக்காட்டை முதுகுப்பக்கம் பின் செய்து, மெழுகுவர்த்தியைக் கை நீட்டிப் பிடிக்கப் பழக்குங்கள். பற்றிக்கொண்டால் ஓடவிடாமல் தரையில் படுக்கவைத்து உருட்டி, தண்ணீர் ஊற்ற வேண்டும்.
3. நகை. திருவிழாக் கூட்டத்தில் தாலிச் செயினைப் புடவைக்குள் விட்டுப் பின் குத்துங்கள். மற்றவை வீட்டில் இருக்கட்டும்.
4. குழந்தைகள். கழுத்தில் கயிறு கட்டும் கவுன், உதிரும் மணி, கூர்மையான புரோச் வேண்டாம். கம்பளித் தொப்பி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில் ஒரு குழந்தையை இரண்டு மணிநேரம் உட்காரவைப்பது சென்னையில் கொடுமை.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

வாசகம் பொறித்த டி-ஷர்ட். உங்களுக்குப் பின்னால் இருப்பவர் ஒன்றரை மணிநேரம் அதைத்தான் படிப்பார். அரை டிரவுசர் இரண்டாவது. காலை வாக்கிங் முடித்து அப்படியே வரும் ஆண்களே இதில் முதலிடம், பெண்பிள்ளைகளின் உடையைப் பற்றி அதிகம் பேசுகிறவர்களும் பல சமயம் அவர்களே. கடுமையான சென்ட் மூன்றாவது. மூடிய இடத்தில் ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சு முட்டும்.

நான்காவது தவறு, நல்ல உடை இல்லை என்று வீட்டிலேயே இருந்துவிடுவது. இரவுப் பணி முடித்து யூனிபார்மில் வரும் செக்யூரிட்டிக்கும், ராயப்பேட்டை அரசு மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையிருந்து கசங்கிய சேலையோடு எழுந்து வரும் அம்மாவுக்கும் இந்த அத்தியாயத்தின் எந்த விதியும் பொருந்தாது. அவர்கள் அப்படியே வரலாம்.

வந்த பிறகு தெரிந்தால்

மற்றவர்கள் எல்லாம் வேறு மாதிரி உடுத்தியிருப்பது உள்ளே வந்த பிறகு தெரியவந்தால்:

1. திரும்பிப் போகாதீர்கள். சுவரோரமாக, பின்வரிசைக்கு முந்தின வரிசையில் உட்காருங்கள். கடைசி வரிசை தாமதமாக வருகிறவர்கள் நடமாடும் இடம், அங்கேதான் எல்லார் கண்ணும் படும்.
2. பையிலுள்ள துப்பட்டாவைத் தோளில் போடுங்கள். இல்லையென்றால் பக்கத்திலிருக்கும் பெண்ணிடம் மெதுவாகக் கேளுங்கள், "அக்கா, துப்பட்டா இருக்கா?" என்றால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.
3. யாராவது குத்திப் பேசினால், "முதல் தடவை வர்றேன் ஆன்ட்டி, எனக்குத் தெரியாது" என்று சொல்லுங்கள். அதற்குமேல் பேச்சு வளராது. வளர்ந்தால் ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ தனியாகச் சொல்லலாம்.
4. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது உங்கள் வயதில் இருப்பவர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். அடுத்த ஞாயிறு அதில் பாதி எடுப்பாக உடுத்தினாலே போதும்.